ஒரே வாரத்தில் வரும் பருவும் அழுகையும்: ஹோர்மோன் பற்றி ஒரு தங்கச்சிக்குப் பதில்

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து 26 வயதுத் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆசிரியை. ஒன்றரை வருடமாக நாடியிலும் தாடை ஓரத்திலும் தொட்டால் நோகிற பெரிய பருக்கள் வருகின்றனவாம். மாதவிடாய் வருவதற்கு முந்திய கிழமையில் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, வகுப்பில் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறார், பிறகு அதை நினைத்து இரவில் நித்திரை இல்லை. மாதவிடாய் சிலவேளை 35 நாளில் வரும், சிலவேளை 50 நாள் ஆகும். கழுத்தின் பின்பக்கம் கறுத்துவிட்டது. அம்மா பயற்றம் மா போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பாமசியில் “இது ஹோர்மோன் பிரச்சினை” என்று சொல்லி ஒரு கிரீம் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வுகூடம் ஒன்றில் எல்லா ஹோர்மோனையும் ஒரேயடியாகப் பார்க்கும் பெக்கேஜ் இருக்கிறதாம், விலை பல ஆயிரம். அம்மாவோ, “கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகும்” என்கிறார். பரிசோதனையை எடுக்கட்டுமா, விடட்டுமா என்பது கேள்வி.

தங்கச்சி, அந்தப் பெக்கேஜை இப்போது எடுக்க வேண்டாம். சில பரிசோதனைகள் உங்களுக்குக் கட்டாயம் தேவை, அவை எவை என்று கீழே எழுதுகிறேன். ஆனால் ஒரு காலையில் கையிலிருந்து எடுக்கும் ஒரு குழாய் இரத்தத்தை விட, உங்கள் குசினிச் சுவரில் தொங்கும் கலண்டர் உங்கள் ஹோர்மோனைப் பற்றி அதிகமாகச் சொல்லும். 20 வருடத்துக்கு மேலாக மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பெண்களைப் பார்த்துவரும் வைத்தியராக இதைச் சொல்கிறேன்.

ஈஸ்ட்ரோஜனை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் தொடங்கும் நாட்களில் அது ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 பிகோகிராமுக்குக் கீழே இருக்கும். கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன் 200, 300 என்று ஏறிவிடும். பிறகு இறங்கும், கொஞ்சம் ஏறும், மறுபடி விழும். ஒரே உடம்பில், ஒரே மாதத்துக்குள். புரொஜெஸ்தரோன் முதல் இரண்டு கிழமையும் ஒரு நானோகிராமுக்கும் குறைவாகக் கிடந்துவிட்டு, அடுத்த இரண்டு கிழமையில் பத்து மடங்குக்கு மேல் உயரும். செவ்வாய்க்கிழமை எடுத்த ரிப்போர்ட்டும் அடுத்த செவ்வாய் எடுத்த ரிப்போர்ட்டும் இரண்டு வேறு பெண்களுடையவை போல இருக்கும். எந்த நாளில் எடுத்தது என்று தெரியாத எண்ணை வைத்து எந்த டொக்டரும் ஒன்றும் சொல்ல ஏலாது.

இன்னொன்று. பரு வருகிற பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இரத்தத்தில் ஹோர்மோன் அளவு சரியாகவே இருக்கும். டெஸ்டொஸ்டெரோன் என்கிற ஆண் ஹோர்மோன் எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் உண்டு. தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் அதன் சொல்லைக் கேட்டுத்தான் வேலை செய்கின்றன. சிலருடைய சுரப்பிகளுக்குக் காது கூர்மை. மெல்லச் சொன்னாலும் அதிகமாகச் சுரக்கும். அந்தக் கூர்மையை இரத்தப் பரிசோதனை காட்டாது.

மனமும் அப்படித்தான். இதை அழகாகக் காட்டிய ஓர் ஆய்வு 1998 இல் வெளிவந்தது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ ஆகியோர் செய்தது. மாதவிடாய்க்கு முன் கடுமையாக மனம் குலைகிற பெண்கள் ஒரு பக்கம், அப்படி ஒன்றும் இல்லாத பெண்கள் மறுபக்கம். எல்லோருக்கும் ஒரு மருந்து கொடுத்துச் சூலக ஹோர்மோன்களை அடக்கினார்கள். பிறகு இரண்டு பக்கத்துக்கும் ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்தரோனையும் ஒரே மாதிரிக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் பக்கத்துப் பெண்களுக்கு அழுகையும் எரிச்சலும் திரும்பி வந்தன. மற்றப் பக்கத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஹோர்மோன் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதன் ஏற்ற இறக்கத்தை மூளை வாங்குகிற விதம்தான் வேறு. “உனக்கு மட்டும் என்ன பெரிய மாதவிடாய், நாங்களெல்லாம் பார்க்காததா” என்று மாமியோ மச்சாளோ சொன்னால், இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை, நீங்களும் நடிக்கவில்லை.

சரி, கலண்டருக்கு வருவோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் கிளினிக்குக் கலண்டர் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்தார். யார், எந்த ஊர் என்று தெரியாதபடி சொல்கிறேன். நகைக்கடை வருடப்பிறப்புக்குக் கொடுத்த கலண்டர். ஒவ்வொரு நாளிலும் நீலப் பேனையால் பால்காரரின் கணக்கு: அரை, அரை, ஒன்று, அரை. நான் சொல்லியிருந்தபடி அதற்குக் கீழே சிவப்புப் பேனையால் அவர் இன்னும் இரண்டு எண் எழுதியிருந்தார். ஒன்று மனத்துக்கு, ஒன்று முகத்துக்கு. சுகமான நாளுக்கு 0, தாங்க முடியாத நாளுக்கு 3. மாதவிடாய் வந்த நாளில் ஒரு வட்டம். மூன்று மாதத்தையும் மேசையில் விரித்துப் பார்த்தோம். வட்டத்துக்கு முந்திய எட்டு ஒன்பது நாட்களில் 2, 3, 3, 3. வட்டம் வந்த இரண்டாம் நாளில் 1. பிறகு பத்துப் பதினைந்து நாள் 0. அவர் தன் விரலை அந்தப் பூச்சியங்கள் மீது வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. “அப்ப எனக்கு விசர் இல்லைத்தானே டொக்டர்?” என்று கேட்டார். ஐந்து வருடமாக வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

அவருக்கு இருந்தது மாதவிடாய்க்கு முந்திய கடும் மனச்சோர்வுக் கோளாறு. 2013 இலிருந்து இது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கைநூலில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சுற்றுக்காவது இப்படி அன்றன்று குறித்த பதிவு இருந்தால்தான் இதை உறுதியாகச் சொல்லலாம். ஞாபகத்திலிருந்து சொன்னால் தவறிவிடும். மனம் குலைந்திருக்கும் நாளில் எல்லா நாளும் அப்படியே இருந்ததாகத்தான் தோன்றும். இதற்கு மருந்து இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசைகளில் ஒரு வகையை, மாதத்தின் பின்பாதியில் மட்டும் எடுத்தாலே பலருக்கு நல்ல மாற்றம் தெரியும். வழமையாக அந்தக் குளிசை வேலை செய்ய மூன்று நான்கு கிழமை எடுக்கும். இந்த நோயில் சில நாட்களிலேயே வேலை செய்கிறது.

அதே கலண்டர் வேறு கதையும் சொல்லலாம். எண்கள் மாதம் முழுவதும் 2, 3 என்றே இருந்து, முந்திய கிழமையில் மட்டும் இன்னும் கூடினால், அது வேறு ஒரு மனச்சோர்வு. மாதவிடாய் அதை ஊதிவிடுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றில்லை. ஆகவே இன்றிரவே தொடங்குங்கள். திகதி, மனம், முகம், நித்திரை எத்தனை மணித்தியாலம். நான்கே நான்கு எண். செல்போனில் குறித்தாலும் சரி.

இனி உங்கள் கதை. நீங்கள் எழுதியதில் என் கண் முதலில் போனது பருவுக்கு இல்லை, கழுத்துக்கு. பின்கழுத்தில் வெல்வெட் துணி போல மெத்தென்று தடித்துக் கறுப்பது, கமக்கட்டிலும் அப்படி வருவது, உடம்பில் இன்சுலின் அதிகமாக ஓடுகிறது என்பதற்குத் தோல் வைக்கும் அடையாளம். கலங்கள் இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படியாதபோது கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. அந்த மிதமிஞ்சிய இன்சுலின் சூலகத்தை ஆண் ஹோர்மோன் கூடுதலாகச் செய்யத் தூண்டுகிறது. இரத்தத்தில் அந்த ஹோர்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் குறைத்தும் விடுகிறது. கட்டவிழ்ந்த ஹோர்மோன் எண்ணெய்ச் சுரப்பியிடம் போனால் நாடியில் பரு. மயிர்க்காலிடம் போனால் மேலுதட்டில் ரோமம். சூலகத்திலேயே நின்றால் கருமுட்டை நேரத்துக்கு வெளிவராமல் மாதவிடாய் தள்ளிப்போகும். பரு, கழுத்து, 50 நாள் மூன்றும் உங்களுக்கு மூன்று வருத்தமாகத் தெரிகின்றன. எனக்கு ஒரே கயிற்றின் மூன்று முடிச்சுகளாகத் தெரிகின்றன.

இதன் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பி.சி.ஓ.எஸ். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 100க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் 70 வீதம் வரை கண்டுபிடிக்கப்படாமலே இருக்கிறார்கள். நம் இலங்கையில் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுப் பெண்களிடம் செய்து 2008 இல் வெளியான ஆய்வில் 6.3 வீதம் என்று கண்டார்கள். உங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையிலேயே உங்களோடு இன்னும் ஒருவர் இருக்கக்கூடும்.

எப்படி உறுதி செய்வது? மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று, மாதவிடாய் ஒழுங்கின்மை: 35 நாளைத் தாண்டிப் போவது, அல்லது வருடத்தில் எட்டுத் தடவைக்கும் குறைவாக வருவது. இரண்டு, ஆண் ஹோர்மோன் கூடியதன் அடையாளம்: நாடி, மேலுதடு, தொப்புளுக்குக் கீழே தடித்த ரோமம், அல்லது இரத்தத்தில் டெஸ்டொஸ்டெரோன் அதிகம். மூன்று, ஸ்கேனில் சூலகத்தில் நிறையச் சிறு முட்டைப் பைகள். முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. சாமத்தியப்பட்டு எட்டு வருடம் ஆகாத பிள்ளைகளுக்கு இந்த நோயைத் தேடி ஸ்கேன் செய்யவே கூடாது. அந்த வயதில் சூலகம் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். 15 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, “ஸ்கேனில் கட்டி இருக்குதாம், இவளுக்குப் பிள்ளை பிறக்காதாம்” என்று அழுத தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அவை கட்டிகளே இல்லை, வளர்ந்து முடியாத முட்டைகள். பிள்ளை பிறக்காது என்பதும் பிழை. சிலருக்கு உதவி தேவைப்படும். பெரும்பாலானோருக்குப் பிள்ளை பிறக்கிறது.

உங்களுக்கு இப்போது தேவையான பரிசோதனைகள் இவ்வளவுதான்: தைரொயிட்டுக்கு டி.எஸ்.எச்.; குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்தின் பின் பார்க்கும் சீனிப் பரிசோதனை; டெஸ்டொஸ்டெரோன்; பால் சுரக்கவைக்கும் ஹோர்மோனான புரொலக்டின்; இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க முழு இரத்தப் பரிசோதனை. கொலஸ்டரோலும் ஒருமுறை பார்க்கலாம். டொக்டர் உங்களைப் பரிசோதித்த பிறகு இன்னொன்றைச் சேர்க்கக்கூடும், ஒன்றைக் கழிக்கவும் கூடும். கருத்தடைக் குளிசை பாவிக்கிறீர்கள் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், டெஸ்டொஸ்டெரோன் எண் அதனால் மாறிவிடும். முடி வளர என்று பயோட்டின் குளிசை எடுத்தால், இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். அது ஆய்வுகூட இயந்திரத்தை ஏமாற்றித் தைரொயிட் ரிப்போர்ட்டையே தலைகீழாக்கிவிடும்.

மனம் இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களை விடக் கூடுதலாகவே வருகின்றன. இந்த நோய் என்று தெரிந்த எல்லோரிடமும் மனநிலையைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று 2023 இல் வந்த சர்வதேச வழிகாட்டியே சொல்கிறது. ஹோர்மோன் ஒரு காரணம். முகம் இன்னொரு காரணம், அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். கலியாண வீட்டில் படம் எடுக்கும்போது பின்னுக்குப் போய் நிற்பது, “என்ன பிள்ளை, முகம் இப்பிடிப் போச்சு” என்று சொந்தக்காரர் எல்லோர் முன்னாலும் கேட்பது, இவை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மனத்தைத் தின்னும். தோல் வைத்தியத்தைத் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கலியாணத்தைப் பற்றி அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: அதனால் இன்சுலின் குறையாது. கலியாணம் முடிந்த பிறகு கருத்தடைக் குளிசை எடுத்து முகம் தெளிந்தவர்களை அம்மா பார்த்திருப்பார். அங்கே வேலை செய்தது குளிசை. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த அந்தக் குளிசையைக் கலியாணம் ஆகாத பெண்ணுக்கும் வைத்தியமாகக் கொடுக்கலாம். பெட்டியின் பெயரைப் பார்த்துப் பாமசியில் யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். கால் நரம்பில் இரத்தம் கட்டியவர்களும், கண் முன் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் அதை எடுக்கக் கூடாது. ஆகவே டொக்டர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். மிதமிஞ்சிய இன்சுலினைக் குறைக்க மெட்போமின் குளிசை கொடுப்பார்கள். முகத்துக்கு அடாபலீன், பென்சோயில் பெரொக்சைட் போன்ற பூச்சு மருந்துகள். அடாபலீனை இரவில் பட்டாணிக் கடலையளவு எடுத்து முகம் முழுக்கத் தடவுங்கள், பருவின் மேல் மட்டும் வைக்காதீர்கள். முதல் மூன்று கிழமை தோல் உரியும், சிவக்கும், பருவும் கொஞ்சம் கூடலாம். எட்டு முதல் பன்னிரண்டு கிழமை பொறுக்க வேண்டும். இரண்டாம் கிழமையில் வெறுத்துப்போய் எறிந்தவர்கள்தான் “மருந்து சரிவரவில்லை” என்று என்னிடம் திரும்பி வருகிறவர்கள். பிள்ளைக்குத் திட்டமிடும்போது அடாபலீனை நிறுத்திவிட வேண்டும், அதையும் ஞாபகம் வையுங்கள்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் பக்கத்துப் பெண்கள் பலர் காலையில் மூன்று கரண்டி சீனி போட்ட தேநீரோடு பாண், மத்தியானம் குவித்த வெள்ளைச் சோறு, பின்னேரம் பிஸ்கட், மறுபடி சீனித் தேநீர் என்று நாளைக் கழிக்கிறார்கள். இரத்தத்தில் சீனியைச் சட்டென்று ஏற்றும் உணவு இன்சுலினை ஏற்றும். பருவைக் கூட்டும் என்பதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் உள்ளன, தயிருக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. ஆகவே எருமைத் தயிரை விடச் சொல்ல மாட்டேன். அதன் மேல் ஊற்றும் பாணியைத்தான் குறைக்கச் சொல்வேன். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மீனும் கீரையும் பருப்பும் வையுங்கள். உடம்பு பெருத்திருந்தால், நிறையில் 100க்கு 5 குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்கும். மெலிந்த பெண்களுக்கும் இந்த நோய் வரும், அவர்களிடம் போய் மெலியச் சொல்வது அநியாயம்.

தைரொயிட்டைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்று. என் இரண்டாவது மகன் பிறந்து ஐந்தாம் மாதம். தலை சீவினால் சீப்பு நிறைய முடி. எந்நேரமும் அழுகை, மனத்தில் ஒரு மந்தம், ஒரு வரியை மூன்று தடவை வாசித்தால்தான் புரியும். கச்சான் காற்று அடிக்கும் மாதம் அது, எல்லோருக்கும் சொண்டு வெடித்துத் தோல் காய்ந்திருக்கும் காலம். என் கைகால் காய்ந்ததையும் அந்தக் காற்றின் கணக்கிலேயே போட்டேன். முடி, பிள்ளை பெற்றதால். அழுகை, நித்திரை இல்லாததால். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, அதனால் மொத்தமாகப் பார்க்கத் தோன்றவில்லை. வாட்டில் வேலை செய்த மூத்த தாதி ஒருவர்தான் கோப்பை வாங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி, “டொக்டர், எல்லாருக்கும் வேர்க்குது, உங்கட கை மட்டும் ஏன் இப்பிடிக் குளிர்ந்து சொரசொரக்குது?” என்றார். அன்று பின்னேரமே இரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். 38. கிட்டத்தட்ட 4 க்குள் இருக்க வேண்டிய எண். தைரொயிட் சுரப்பது குறைந்தால்தான் இப்படி ஏறும்.

பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் 100க்கு ஐந்து பேருக்காவது தைரொயிட் இப்படி வீங்கிக் குழம்புகிறது. பலருக்குத் தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு நிரந்தரமாகும். பிள்ளை பெற்ற வீடுகளில் இதையும் மற்ற இரண்டையும் பிரித்தறிய வேண்டும். மூன்றாம் நாள், நான்காம் நாள் வரும் அழுகை: ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்தரோனும் மலையிலிருந்து விழுந்த மாதிரி ஒரேயடியாகக் குறைவதால் வருவது, பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வரும், இரண்டு கிழமைக்குள் போய்விடும். இரண்டு கிழமை தாண்டியும் நீடித்து, பிள்ளையைத் தூக்கவே மனம் வராமல், உயிரோடிருந்து என்ன என்று தோன்றினால் அது பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு, வைத்தியம் வேண்டிய நோய். புரொஜெஸ்தரோனிலிருந்து மூளையில் உருவாகும் ஒரு பொருளையே மருந்தாக்கி 2019 இலும், அதைப் போன்ற ஒரு செயற்கை மருந்தை 2023 இலும் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதித்தார்கள். இங்கே வழமையான மனச்சோர்வு மருந்துகளே நன்றாக வேலை செய்கின்றன. தாய்ப்பாலோடு எடுக்கக்கூடியவையும் உண்டு. வீட்டுக்கு வரும் மருத்துவமாது மிஸ்ஸிடம் சொன்னால் போதும். அவரிடம் பிள்ளையின் நிறையை மட்டும் சொல்லிவிட்டு உங்களைப் பற்றிச் சொல்லாமல் விடாதீர்கள்.

தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் குளிசை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில், தண்ணீரோடு, சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் அரை மணித்தியாலத்துக்கு முன். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளிலிருந்து நான்கு மணித்தியாலம் தள்ளி. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுச் சகோதரிகள் நோன்பு மாதத்தில் இதை விட்டுவிடுகிறார்கள், பெருநாள் முடிந்து வரும்போது எண் ஏறியிருக்கும். இரவு கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் படுக்கும்போது எடுக்கலாம், அல்லது விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு அரை மணித்தியாலம் முன் எழும்பி எடுக்கலாம். இரண்டும் சரியானவையே.

இனிப் பாமசிக் கிரீம். உங்கள் கேள்வியில் என்னைப் பயப்படுத்தியது அதுதான். பெயரைச் சொல்லவில்லை, ஆகவே பொதுவாகவே எழுதுகிறேன். ஹோர்மோன் பிரச்சினை என்று சொல்லித் தரப்படும் கிரீம்கள் பலவற்றுக்குள் இருப்பதே ஒரு ஹோர்மோன்தான். பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் குளோபெட்டசோல், பெட்டாமெதசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டெரொயிட், நம் உடம்பு சுரக்கும் கோர்ட்டிசோலின் பலத்த உறவினர்கள். பூசிய மூன்றாம் நாளே முகம் வெளுத்துப் பளபளக்கும், சிவப்பு அடங்கும். மூன்றாம் மாதத்தில் தோல் வெங்காயச் சருகு போல மெலியும், சிவப்பு நரம்பு தெரியும், ஒரே அளவில் பொடிப் பரு கொத்தாக வரும், கன்னத்தில் பூனைமயிர் வளரும். நிறுத்தினால் நெருப்பாக எரியும், அதனால் மறுபடி பூசுவார்கள். வெளுப்பாக்கும் சில கிரீம்களில் பாதரசமும் இருக்கிறது. அது தோலோடு நிற்பதில்லை. சிறுநீரகத்தைக் கெடுக்கும், பதற்றம், மனச்சோர்வு, நித்திரையின்மை, கை நடுக்கம் என்று மூளையையும் தொடும். மனமும் முகமும் ஒன்றாகக் குழம்பிவரும் பெண்ணிடம் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “முகத்துக்கு என்ன பூசுறீங்க?” என்பது. பாதரசம் பற்றி 2017 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை பாதரசக் கிரீம்களைத் தடுக்கிறது; இருந்தும் லேபிளில் ஒன்றும் எழுதாத சின்னச் சின்ன டப்பாக்களில் கைமாறி வருகின்றன. ஸ்டெரொயிட் கிரீமை நெடுநாள் பூசியிருந்தால் ஒரேயடியாக நிறுத்தாமல் தோல் வைத்தியரிடம் காட்டிக் குறையுங்கள். பாதரசம் என்றால் அன்றே நிறுத்த வேண்டியதுதான்.

இந்தக் கிரீம்களை வாங்குகிற பலருக்கு உண்மையில் இருப்பது மங்கு. கன்னத்திலும் நெற்றியிலும் மண்ணிறப் படலம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் கருத்தடைக் குளிசையின்போதும் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்தரோனும் நிறக் கலங்களைத் தட்டியெழுப்புகின்றன, வெயில் மீதியைச் செய்கிறது. சம்மாந்துறை வயலில் களை பிடுங்குகிறவருக்கும் கரையில் கருவாடு காயவைக்கிறவருக்கும் எந்த மருந்தையும் விட அகன்ற விளிம்புத் தொப்பியும், முகத்துக்குத் துணியும், முடிந்தால் சன்ஸ்கிரீனும் முதலில் வேண்டும். தேசிக்காய் பூசிக்கொண்டு வெயிலில் போகவே கூடாது. அதன் சாறும் வெயிலும் சேர்ந்து தோலைச் சுட்டுக் கொப்பளிக்க வைத்து, மங்கை விடக் கறுத்த தழும்பை விட்டுப்போகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருத்தடைக்குப் போடும் மூன்று மாத ஊசியும் கைக்குள் வைக்கும் குச்சியும் சிலருக்குப் பருவைக் கூட்டும், சிலருக்கு மனத்தைச் சோர வைக்கும். அப்படியானால் மிஸ்ஸிடம் சொல்லி முறையை மாற்றலாம், சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஜிம்முக்குப் போகும் தம்பிமார் உடம்பு ஏற்றப் போடும் ஊசி டெஸ்டொஸ்டெரோனின் உறவு. முதுகு நிறையப் பரு, வீட்டில் ஆத்திரம், நிறுத்தும்போது ஆழ்ந்த சோர்வு. உங்கள் அம்மாவுக்கும் ஒன்று: மாதவிடாய் நிற்கும் வயதில், அதற்கு முந்திய சில வருடங்களில்தான் மனம் அதிகம் தளம்பும். நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜனில் கிட்டத்தட்ட 30 வீதம் போய்விடுகிறது. தோல் மெலிந்து அரிப்பதும், இரவில் திடீரென்று உடம்பு சுட்டு வியர்த்து எழும்புவதும், சின்னச் சொல்லுக்குக் கண் கலங்குவதும் அம்மாவுக்கு இருக்கிறதா என்று நீங்களும் கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தின் சுகவனிதையர் கிளினிக்கில் அவருக்கு இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அம்மாவும் மகளும் ஒன்றாகப் புறப்பட்டால் இரண்டு பேருக்கும் கூச்சம் குறையும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் அடுத்த கிழமை என்று தள்ளாதீர்கள்; கருப்பைச் சவ்வு கழியாமல் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. சில மாதங்களுக்குள் குரல் தடித்து, ரோமம் வேகமாகக் கூடினால் உடனே காட்ட வேண்டும். சாக வேண்டும் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், அது மாதவிடாய்க்கு முந்திய நாளில் வந்து மறுநாள் போனதாகவே இருந்தாலும், 1926 க்கு எடுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. இல்லாவிட்டால் பக்கத்து வைத்தியசாலைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட இருக்கிறது. அங்கே காட்டினால், தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். போகும்போது இரண்டு மாதக் கலண்டரைக் கையில் எடுங்கள். ஆனால் சீனிப் பரிசோதனைக்காக இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம், அதை இந்தக் கிழமையே செய்யுங்கள். அந்தக் கிரீமைப் பெட்டியோடு கொண்டுபோங்கள். கழுத்தில் பயற்றம் மா தேய்ப்பதை அம்மாவிடம் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அது அழுக்கில்லை, தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கும். இன்சுலின் இறங்கும்போது அந்தக் கறுப்பும் மெதுமெதுவாக இறங்கும்.